வைக்கோலும் ஹைட்ரஜனும்: ஒரு கணக்குத் தணிக்கை

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை அது விவரிக்கிறது. இவ்வளவு நிலம் வேண்டும், இன்ன வயது வேண்டும், இன்ன கல்வி வேண்டும் என்று தகுதிகளைச் சொன்ன பிறகு, யாருடைய பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்பதையும் அது சொல்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடம் கிடையாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் கிடையாது!

அதே உத்திரமேரூர்ப் பகுதியின் வயல்களிலிருந்து இப்போது ஒரு புதிய வேட்பாளர் கிளம்பியிருக்கிறார். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி அது. அறுவடை முடிந்தால் களத்துமேட்டில் வைக்கோல் போர் எழும். அந்த வைக்கோலை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்தால் ஹைட்ரஜன் வாயு கிடைக்கும். அது எரிந்தால் புகையில்லை, தண்ணீர்தான் மிஞ்சும். ஆகவே நாளைய எரிபொருள் நம் காலடியிலேயே கிடக்கிறது என்று பேசும் கட்டுரைகளும் சொற்பொழிவுகளும் பெருகிவிட்டன. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய்ச் செலவில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்த பிறகு இந்தப் பேச்சுக்கு வேகம் கூடியிருக்கிறது. தாவரப் பொருள்களிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனுக்கும் அந்த இயக்கத்தில் இடம் உண்டு.

இந்தப் பேச்சில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் எவ்வளவு வைக்கோலுக்கு எவ்வளவு ஹைட்ரஜன் என்ற வரவு செலவை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதை நாமே போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூட வேதியியலும் பெருக்கல் வாய்ப்பாடும் இதற்குப் போதும்.

நுண்ணுயிர் ஏன் ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது?

இட்லி மாவு இரவில் பொங்குவதை நீங்கள் அறிவீர்கள். மாவிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று, கரியமில வாயுவையும் புளிப்பையும் வெளிவிடுகின்றன. பிராண வாயு இல்லாத இடத்தில் சர்க்கரையை உண்ணும் உயிருக்கு ஒரு சங்கடம் உண்டு. உணவைச் சிதைக்கும்போது வெளிப்படும் எலெக்ட்ரான்களை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். நாம் அவற்றைப் பிராண வாயுவின் தலையில் கட்டிவிடுகிறோம். பிராண வாயு கிடைக்காத சில பாக்டீரியாக்கள், நீரில் எப்போதும் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளின் மீது அந்த எலெக்ட்ரான்களை ஏற்றி, ஹைட்ரஜன் வாயுவாக வெளியேற்றிவிடுகின்றன. நாம் எரிபொருள் என்று ஆசைப்படுவது அவற்றுக்குக் குப்பை.

இந்த வேலையைச் செய்யும் என்சைமுக்கு ஹைட்ரஜனேஸ் என்று பெயர். 1931-இல் கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சன் என்ற அம்மையாரும் ஸ்டிக்லண்ட் என்பவரும் இதைக் கண்டறிந்து பெயரிட்டனர். பீட்ரூட் சர்க்கரை ஆலையின் கழிவு கலந்து நுரைத்துக் கொண்டிருந்த ஓர் ஆற்றிலிருந்துதான் அவர்களுடைய ஆராய்ச்சிக்குத் தூண்டுதல் கிடைத்தது. சர்க்கரை ஆலைக் கழிவு நம் கதையில் மறுபடியும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பே, முதல் உலகப் போரின்போது, வெடிமருந்துக்குத் தேவைப்பட்ட அசிட்டோனைத் தயாரிக்க வெயிஸ்மன் கையாண்ட நொதித்தல் முறையில் ஹைட்ரஜனும் பக்க விளைவாக வந்து கொண்டிருந்தது. ஆகவே இது நேற்று முளைத்த விஞ்ஞானம் என்று எண்ண வேண்டாம்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு குளுகோஸ் மூலக்கூற்றில் 12 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. தண்ணீரையும் துணைக்குச் சேர்த்து முழுவதும் சிதைத்தால் ஏட்டளவில் 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்க வேண்டும். இருட்டில் நொதிக்கும் பாக்டீரியா அவ்வளவு தூரம் போவதில்லை. அசிட்டிக் அமிலம் என்ற நிலை வரை, அதாவது காடி வரை வந்து நின்றுவிடுகிறது. அப்போது கிடைப்பது 4 மூலக்கூறு. பியூட்டிரிக் அமிலம் உண்டாகும் வழியில் போனால் 2 மட்டுமே. சோம்பல் காரணமாக அது நிற்கவில்லை. அதற்கு மேல் சிதைக்க வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தாக வேண்டும். வெப்ப இயக்கவியல் எழுப்பிய சுவர் இது. ஜெர்மானிய விஞ்ஞானி தவர் தம் சகாக்களுடன் 1977-இல் எழுதிய நீண்ட ஆய்வுரையில் இந்த எல்லைகளையெல்லாம் தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டினார். பாக்டீரியாவின் இனத்தை மாற்றினாலும் 4 என்ற எண் மாறாது.

ஒரு மோல் குளுகோஸ், அதாவது 180 கிராம், எரிந்தால் ஏறத்தாழ 673 கிலோ கலோரி வெப்பம் தரும். ஒரு மோல் ஹைட்ரஜன் தருவது 68 கிலோ கலோரி. நாலுக்கு 273. ஆக, எல்லாம் மிகச் சிறப்பாக நடந்தாலும் சர்க்கரையிலிருந்த ஆற்றலில் 100-க்கு 41 பங்குதான் ஹைட்ரஜனாக வெளிவருகிறது. மீதியில் பெரும்பகுதி காடியாகத் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

இப்போது அதே 180 கிராம் சர்க்கரையைச் சாண எரிவாயுக் கலனில் போடுங்கள். அங்கே கடைசி வரிசையில் நிற்கும் நுண்ணுயிர்கள் காடியையும் விடுவதில்லை. 3 மோல் மீத்தேன் கிடைக்கும். ஒரு மோல் மீத்தேனுக்கு 213 கிலோ கலோரி வீதம் 638. அதாவது 100-க்கு 95 பங்கு! நடைமுறையில் இரண்டுமே குறையும் என்றாலும், ஒப்பீடு தலைகீழாகிவிடாது. நம் கிராமங்கள் பல்லாண்டுகளாக அறிந்த கலன், ஆற்றல் கணக்கில் புதிய வேட்பாளரை இரண்டு மடங்குக்கு மேல் வென்றுவிடுகிறது. ஹைட்ரஜனைப் புகழும் கட்டுரைகள் இந்த ஒரு வரியை ஏன் எழுதுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

நெல்லிக்குப்பத்தில் நடந்தது

ஏட்டுக் கணக்கு போதாது, செய்து பார்த்தவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் உலகம் கவனிக்கும் அளவில். உத்திரமேரூருக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் பழமையான சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. அங்கே சாராய வடிப்பில் மிஞ்சும் கழிவு நீரைக் கொண்டு ஹைட்ரஜன் எடுக்கும் சோதனையை, சென்னைத் தரமணியிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தினர். டி. எம். வத்சலா, மோகன் ராஜ், மணிமாறன் ஆகியோர் அதன் முடிவுகளை 2008-இல் வெளியிட்டனர்.

சோதனைக் குழாயில் 10 மில்லி லிட்டர், 100 மில்லி லிட்டர் என்று செய்வது வேறு. இவர்கள் பயன்படுத்திய கலனின் கொள்ளளவு 100 கன மீட்டர். ஒரு லட்சம் லிட்டர். தனித்தனியே வளர்த்த மூன்று வகைப் பாக்டீரியாக்களை ஒன்றாகச் சேர்த்து விதையாக இட்டனர். 40 மணி நேரத்தில் 21.38 கிலோகிராம் ஹைட்ரஜன் கிடைத்தது. ஒரு மோல் குளுகோஸுக்குச் சராசரி 2.76 மோல். சுவர் 4-இல் இருக்கும்போது, ஆலைக் கழிவை வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய கலனில் 2.76 எடுத்தது பாராட்டத்தக்க சாதனையே. சாதனைக்கு முழு மரியாதையும் கொடுத்துவிட்டு, அதை அடுப்பங்கரை அளவையில் அளந்து பார்ப்போம்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் தருவது சுமார் 34,000 கிலோ கலோரி. 21.38 கிலோவுக்கு ஏறத்தாழ 7,27,000. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சமையல் வாயு சிலிண்டர் ஒன்றில் சுமார் 1,69,000 கிலோ கலோரி இருக்கிறது. ஒரு லட்சம் லிட்டர் கலன் 40 மணி நேரம் உழைத்துத் தந்தது, நாலு சிலிண்டர்களை விடச் சற்றே அதிகம். அந்த வாயுவும் தனியாக வருவதில்லை. நொதித்தலில் கரியமில வாயுவும் பெருமளவு கலந்தே வரும், பிரித்தெடுக்க வேண்டும். பிரித்த பின் சேமிக்க வேண்டும். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் இருக்கும் வெப்பம் ஒரு கன மீட்டர் மீத்தேனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், அதே வெப்பத்துக்கு மூன்று மடங்கு பெரிய கூடம் வேண்டும், அல்லது அழுத்தி அடைக்க வேண்டும். அழுத்துவதற்கும் மின்சாரச் செலவு உண்டு.

ஒன்றை இங்கே மறக்கக் கூடாது. அந்த ஆராய்ச்சியாளர்கள் சமையலுக்கு வாயு தருவதாக ஒருபோதும் சொல்லவில்லை. பெரிய கலனில் இது நடக்குமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. நடக்கும் என்று காட்டினார்கள். ‘நடக்கும்’ என்ற அந்தச் சொல்லை ‘இலாபம்’ என்று மொழிபெயர்த்தவர்கள் வேறு ஆட்கள்.

வைக்கோல் சர்க்கரை ஆகுமா?

நெல்லிக்குப்பத்துக் கழிவு நீரில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்து இருந்தது. உத்திரமேரூர் வைக்கோலின் நிலை வேறு. அதிலும் சர்க்கரை உண்டு. ஆனால் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்பட்டு, லிக்னின் என்ற பசையால் பூசப்பட்டு இருக்கிறது. போதாக்குறைக்கு நெல் வைக்கோலில் சிலிகா அதிகம். இந்தக் கோட்டையை உடைக்க, முதலில் நீராவியிலோ அமிலத்திலோ காரத்திலோ வைக்கோலை வேக வைக்க வேண்டும். பிறகு செல்லுலோஸை அறுக்கும் என்சைம் ஊற்ற வேண்டும். டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையிலிருந்து இந்த என்சைமை எடுக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களைத் தின்று பாழாக்கிய பூஞ்சை அது! அன்று பகைவன், இன்று விலை கொடுத்து வாங்கும் வேலையாள்.

ஒரு டன் வைக்கோலில் இப்படி உடைக்கத்தக்க பொருள் சுமார் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு துளியும் வீணாகாமல் சர்க்கரையாக மாறி, நெல்லிக்குப்பத்தில் கிடைத்த அதே வீதத்தில் ஹைட்ரஜனும் வந்தால், கிடைப்பது 20 கிலோ. நடக்கவே முடியாத அளவுக்குச் சிறப்பான நிலை இது. அப்படியும் வைக்கோலை நேரடியாக எரித்தால் கிடைக்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறுகிறது. வேக வைக்கச் செலவான எரிபொருளை நான் இன்னும் கழிக்கவில்லை.

வைக்கோலிலிருந்து ஹைட்ரஜன்தான் வேண்டும் என்று ஒருவர் அடம் பிடித்தால், அதற்கு நொதித்தலை விட நெருப்பே நல்ல வழி. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தசப்பா குழுவினர், உலர்ந்த தாவரப் பொருளை உயர் வெப்பத்தில் நீராவியுடனும் பிராண வாயுவுடனும் சேர்த்து வாயுவாக்கும் முறையை உருவாக்கியுள்ளனர். ஒரு கிலோ தாவரப் பொருளுக்கு 100 கிராம் ஹைட்ரஜன் என்று 2022-இல் அறிவித்தனர். டன்னுக்கு 100 கிலோ. நீராவியிலுள்ள ஹைட்ரஜனும் சேர்ந்து வருவதால் இவ்வளவு கிடைக்கிறது. வைக்கோலின் சாம்பல் உருகிக் கட்டி தட்டும் தொல்லை அங்கே உண்டு என்றாலும், 20 எங்கே, 100 எங்கே?

இவ்வளவு பேசிய பிறகும், வைக்கோலை நொதித்து ஹைட்ரஜன் ஆக்கும் கலன் ஒன்று உத்திரமேரூரில் பல நூற்றாண்டுகளாக இயங்கி வருகிறது என்றால் நம்புவீர்களா? அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு. பசுவின் முதல் இரைப்பையில், சுமார் 39 டிகிரி வெப்பத்தில், நுண்ணுயிர்கள் அமிலமோ நீராவியோ கேட்காமல் வைக்கோலை உடைத்து, சர்க்கரையாக்கி, நொதிக்க வைத்து, ஹைட்ரஜனையும் வெளிவிடுகின்றன. ஆனால் அங்கேயே குடியிருக்கும் மீத்தேன் நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து உடனுக்குடன் மீத்தேனாக்கிவிடுகின்றன. பசு அதை ஏப்பமாக விடுகிறது. மிஞ்சும் அமிலங்களைப் பசு தன் இரத்தத்தில் சேர்த்துக்கொண்டு பாலாக்குகிறது. நம் ஹைட்ரஜன் கலனில் கழிவாகத் தேங்கும் அதே காடிதான் பசுவுக்குச் சாப்பாடு!

ஆய்வுக் கூடத்தில் ஹைட்ரஜன் எடுப்பவர்களும் சாணத்தையே விதையாக இடுவது உண்டு. முதலில் அதைக் கொதிக்க வைப்பார்கள். மீத்தேன் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். கிளாஸ்டிரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் வித்துறைக்குள் ஒளிந்து பிழைத்துக்கொள்ளும். பிறகு கலவையைச் சற்றே புளிப்பாக, 5.5 அளவிலான அமிலத் தன்மையில் வைத்துக் காப்பார்கள். கொஞ்சம் கவனம் தவறினால் மீத்தேன் கூட்டம் திரும்பி வந்துவிடும்.

வைக்கோலின் மதிப்பைக் கிலோ கலோரியால் மட்டும் அளப்பதும் சரியாகாது. நெல்லிக்குப்பச் சோதனையை நடத்திய நிலையத்தை உருவாக்கி வளர்த்தவர் சி. வி. சேஷாத்ரி. ஆற்றலின் தரத்தை உயர் வெப்பத்தில் ஓடும் இயந்திரங்களின் கண் கொண்டே அளக்கும் பழக்கத்தை, வளர்ச்சியையும் வெப்ப இயக்கவியலையும் பற்றி 1982-இல் எழுதிய நூலில் அவர் கடுமையாகக் கேள்வி கேட்டார். அவருடைய எல்லா முடிவுகளையும் ஏற்காதவரும் அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. உத்திரமேரூர் விவசாயிக்கு வைக்கோல் என்பது கோடையில் மாட்டுத் தீவனம். தீவனத்தின் விலை ஏறினால் பாலின் செலவு ஏறும். இரண்டு மாடு வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்தை அது முதலில் தாக்கும். ‘வேளாண் கழிவு’ என்று திட்ட அறிக்கை எழுதுகிறவர், அது யாருக்குக் கழிவு என்றும் எழுத வேண்டும்.

அப்படியானால் நொதித்தல் ஹைட்ரஜனுக்கு இடமே இல்லையா?

இடம் உண்டு, வைக்கோல் போரில் அது இல்லை. சர்க்கரையும் மாவுச்சத்தும் கரைந்த கழிவு நீர் தினமும் ஓடும் இடங்கள் உள்ளன: சாராய வடிப்பாலை, சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள், புழுங்கலரிசி ஆலைகளில் நெல் ஊறிய தண்ணீர். அந்தக் கழிவை எப்படியும் சுத்திகரித்தே ஆக வேண்டும். அங்கே முதல் தொட்டியில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, மிஞ்சிய காடியை இரண்டாம் தொட்டியில் மீத்தேனாக்கினால், ஆற்றலில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். முதல் தொட்டிக்கு ஆகும் கூடுதல் செலவைக் கிடைக்கும் ஹைட்ரஜன் ஈடு செய்யுமா என்பது ஒன்றே அங்கே பார்க்க வேண்டிய கணக்கு. ஹைட்ரஜனை வாங்குகிறவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் நாட்டில் இன்று ஹைட்ரஜன் பெருமளவில் தேவைப்படுவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் உரத் தொழிற்சாலைகளுக்கும். மணலியில் இரண்டும் உண்டு. உத்திரமேரூரில் இரண்டும் இல்லை.

தொழில் துறையினரும் இப்படித்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் போலும். தேசிய இயக்கத்தின் கீழ் ஹைட்ரஜன் உற்பத்திக்கு ஊக்கத் தொகை தரும் முதல் சுற்றில், ஆண்டுக்கு 40,000 டன் அளவைத் தாவரப் பொருள் வழிக்கென்றே தனியாக ஒதுக்கினார்கள். 2024-இல் முடிவு வந்தபோது அதில் 2,000 டன்னுக்கு மட்டுமே ஆள் கிடைத்தது. ஒரே ஒரு நிறுவனம். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் வழிக்கோ ஒதுக்கீடு முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆராய்ச்சியாளர்கள் அந்த 4 என்ற சுவரைத் தாண்ட முயலாமல் இல்லை. ஒளியில் வாழும் ஊதாப் பாக்டீரியாக்களுக்குக் காடியை ஊட்டினால், சூரிய ஆற்றலின் துணையால் அவை மீதமுள்ள ஹைட்ரஜனையும் பிரித்துத் தரும். ஆனால் கலனுக்குள் வெளிச்சம் ஆழமாகப் போகாது. ஆகவே ஒரு விரற்கடை ஆழமுள்ள தொட்டியை ஏக்கர் கணக்கில் பரப்ப வேண்டியிருக்கும். மற்றொரு வழியை 2005-இல் அமெரிக்காவில் லோகன் குழுவினர் காட்டினர். காடிக் கரைசலில் இரண்டு மின்வாய்களை வைத்து, ஒரு டார்ச் விளக்கு பாட்டரி தருவதை விடக் குறைந்த மின் அழுத்தத்தைக் கொடுத்தால், ஒரு மின்வாயின் மேல் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் காடியைச் சிதைக்கும்; மறு மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியிடும். சுவரைத் தாண்டத் தேவையான ஆற்றலை இங்கே மின்சாரம் தருகிறது. கண்ணாடிக் குடுவையில் இது அழகாக நடந்தது.

பிறகு கலிபோர்னியாவில் திராட்சை மது ஆலை ஒன்றின் கழிவு நீரைக் கொண்டு 1,000 லிட்டர் கலனில் செய்து பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கலன் இயங்கியது, வாயுவும் வந்தது. சோதித்துப் பார்த்தால் அதில் 86 சதவீதம் மீத்தேன். பசுவின் வயிற்றில் குடியிருக்கும் கூட்டத்தின் உறவினர் அங்கேயும் வந்து, உண்டான ஹைட்ரஜனை வெளியே விடாமல் தின்று தீர்த்திருந்தார்கள்.